யாழ்ப்பாணம் – ரொறன்ரோ: எத்தனை மணித்தியாலம்?

யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் எவ்வளவு தூரம்? இணையத்தில் தேடினால் ஒரு நொடியில் பதில் வரும்: ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். கூடவே நேரமும் காட்டும். இதுக்கெண்டே சில தளங்கள் இருக்கின்றன. இரண்டு ஊரின் பெயரைக் கொடுத்தால், வரைபடத்தில் ஒரு வளைகோடு போட்டு, தூரத்தை மணிக்கு 900 கிலோமீற்றர் என்ற விமான வேகத்தால் பிரித்து, ஏறி இறங்க இன்னும் அரை மணித்தியாலம் கூட்டித் தரும். கிட்டத்தட்டப் பதினைந்தே முக்கால் மணித்தியாலம். கணக்கில் பிழை ஒண்டும் இல்லை. ஆனால் பதினைந்தே முக்கால் மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்த ஒருத்தரும் இதுவரைக்கும் இல்லை.

எனக்குத் தெரிந்த முக்கால்வாசி வீடுகளில் இந்தத் தூரத்துக்கு ஒரு இடம் உண்டு. எங்கள் வீட்டில் மாமா ஸ்காபரோவில். பக்கத்து வீட்டில் இரண்டு மகள்மார் பிரம்ரனில். எதிர்வீட்டுக்காரர் முழுக் குடும்பமாகவே போய்விட்டார்கள், வளவுக்குள் ஒரு அன்ரி மட்டும் காவலுக்கு இருக்கிறா. ஆனபடியால் இந்தத் தூரத்தைக் கொஞ்சம் ஒழுங்காக அளந்து பார்க்க வேணும் என்று எனக்கு ஒரு ஆசை. கலைப்பீடத்தில் நான் படிக்கிற பாடங்களில் புவியியலும் ஒண்டு. அதனால் சாட்டும் கிடைத்தது.

முதலில் பாதை. தட்டையான வரைபடத்தில் அடிமட்டம் வைத்துத் தூரம் அளக்கக்கூடாது என்பது எங்களுக்கு முதலாம் வருடத்திலேயே சொல்லித் தரப்பட்ட விசயம். வகுப்பறைச் சுவரில் தொங்குகிற மேர்காட்டர் எறியத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோவுக்கு நேர்கோடு போட்டால், அது அரபுநாடுகள், வட ஆபிரிக்கா, அத்திலாந்திக் சமுத்திரம் என்று மேற்குப் பக்கமாகப் போகும். ஆனால் பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊரிலும் ஒரு நூலின் இரண்டு தலைப்பையும் வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் தானாக வடக்கே ஏறிவிடும். இந்தியாவின் ராஜஸ்தான், பிறகு சமர்கந்துக்குக் கிட்ட, ரஷ்யாவின் யூரல் மலைப்பக்கம், வெண்கடல், நோர்வேயின் வட முனை, கிறீன்லாந்தின் பனி, கனடாவின் கியூபெக், பிறகு ரொறன்ரோ. இதைத்தான் பெருவட்டப் பாதை என்பார்கள். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஆகக் குறுகிய வழி அதுதான். பங்குனி வெயிலில் காய்ந்துபோய்க் கிடக்கிற யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோவுக்குக் கிட்டின பாதை ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளால் போகிறது என்பதை நான் முதலில் நம்பவில்லை. நூலைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன்.

இன்னொரு விசயமும் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணம் கிறீன்விச்சில் இருந்து 80 பாகை கிழக்கு. ரொறன்ரோ 79.4 பாகை மேற்கு. நடுக்கோட்டில் இருந்து இந்தப் பக்கம் நாங்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தள்ளி அந்தப் பக்கம் அவர்கள். பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கு இடையிலும் ஆகக்கூடினால் 20,000 கிலோமீற்றர்தான் வரும். அதுக்கு மேல் தூரம் போனால் மற்றப் பக்கத்தால் கிட்ட வரத் தொடங்கிவிடுவோம். அப்படிப் பார்த்தால், ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் இருந்து போகக்கூடிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மாமா போயிருக்கிறார்.

பூமி ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை சுற்றும். 159 பாகைக்குப் பத்தரை மணித்தியாலமும் கொஞ்சமும். கைமணிக்கூட்டில் அது மாரிகாலத்தில் பத்தரை, அங்கே கோடைகாலத்துக்காக நேரத்தை முன்னே தள்ளினால் ஒன்பதரை. இந்தக் கணக்கை அம்மம்மா பாகை ஒண்டும் இல்லாமல் செய்வா. "ஒண்டரையைக் கூட்டிப்போட்டு, பகலை இரவாக்கு" என்பா. இங்கே காலை எட்டு மணி என்றால், ஒன்றரையைக் கூட்ட ஒன்பதரை, பகலை இரவாக்க அங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. கோடையில் இரண்டரையைக் கூட்ட வேணும். நீங்களும் செய்து பாருங்கோ, பிழைக்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அம்மம்மா போன் எடுக்க முதல் ஒருக்காலும் யாரிடமும் நேரம் கேட்டதில்லை.

நேரத்தை மாற்றிக் கணக்குப் பார்க்கிற பழக்கம் அவவுக்குக் கனடாவால் வந்ததில்லை என்பதும் பிறகுதான் எனக்கு விளங்கியது. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்த என்று இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் மறுபடி வந்தது. இந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே இருந்தது. சமாதான காலத்தில் வவுனியாவில் இருந்து ஓமந்தை தாண்டி வன்னிக்குள் போனவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார்கள். "புது நேரமோ பழைய நேரமோ?" என்று கேட்டுத்தான் கலியாண வீட்டுக்கும் வெளிக்கிட்டதாம். ஒரு சின்னத் தீவுக்குள்ளேயே இரண்டு நேரத்தில் வாழ்ந்த சனத்துக்குப் பத்தரை மணித்தியாலம் பெரிய விசயமாய் இருந்திருக்காது.

இனி உண்மையான பயணத்துக்கு வருவோம். மாமா வரும்போது டுபாயால்தான் கூடுதலாக வருவார். ரொறன்ரோ – டுபாய் 11,080 கிலோமீற்றர். டுபாய் – கட்டுநாயக்க 3,290. இரண்டையும் கூட்டினால் 14,370. கொழும்பில் இருந்து ரொறன்ரோவுக்குப் பெருவட்டப் பாதையே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் வரும். அதாவது டுபாயால் சுற்றுவதில் கூடுகிற தூரம் 400 கிலோமீற்றர்கூட இல்லை. ஒரு பயணத்துக்கு அது ஒரு சுற்றே இல்லை. கூடுவது நேரம்தான்.

ஸ்காபரோ வீட்டில் இருந்து விமான நிலையம் போய், அங்கே நின்று, விமானம் எழும்பும்வரை நாலு மணித்தியாலம். டுபாய்க்குப் பன்னிரண்டரை. அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க அஞ்சு. கட்டுநாயக்கவுக்கு நாலரை. குடிவரவு, பெட்டி எடுக்கிறது எல்லாம் முடித்து வெளியே வர ஒண்டு. பிறகு வானில் நீர்கொழும்பு, புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி தாண்டிச் சுன்னாகம் வர ஏழு. மொத்தம் 34 மணித்தியாலம். இதில் ஆகாயத்தில் இருந்தது 17. சரிபாதி. "கனடாவில் இருந்து பறந்து வந்தவர்" என்று சொல்கிறோம். பாதி நேரம் கதிரையிலும் வரிசையிலும் வான் சீற்றிலும் இருந்து வந்தவர் என்பதுதான் சரி.

நேரடியாக ஒரு விமானம் விட்டால் என்ன என்று கேட்கலாம். இயந்திரத்தால் முடியாத காரியம் இல்லை. சிங்கப்பூரில் இருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரை இடையில் எங்கும் இறங்காமல் பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் பறந்து போகிற விமானம் இருக்கிறது. அதுக்கு இரண்டு பக்கமும் நாள்தோறும் கூடின காசு கொடுத்து ஏறுகிற ஆட்கள் வேணும். எங்கள் ஆட்கள் நல்லூர்த் திருவிழாவுக்கும் பள்ளிக்கூட விடுமுறைக்கும் செத்தவீட்டுக்கும் வருகிறவர்கள். நேரடி விமானம் இருந்தாலும், நான் நூல் பிடித்த அந்தப் பாதையால் கனடா விமானம் இப்போது வரேலாது. 2022 பெப்ரவரி முடிவில் உக்ரைன் போரோடு கனடா தன் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது, ரஷ்யா பதிலுக்குத் தன் வானத்தை மூடியது. உருண்டையில் நூல் எங்கேயும் தடைப்படாது. அந்த நூல் போகிற வழியில் விமானத்துக்கு நாடுகள் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் இருந்து பலாலி இருபது நிமிடம். 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையம் ஆனது. சென்னைக்கு நேர்கோட்டில் 360 கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு. தெருவால் கொழும்புக்கு 400 கிலோமீற்றர், ஏழெட்டு மணித்தியாலம். கொழும்பை விடச் சென்னை எங்களுக்குக் கிட்ட என்பது பகிடி இல்லை, கணக்கு. அது புதுக் கணக்கும் இல்லை. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியபோதே இரத்மலானையில் இருந்து பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. பாட்டன் காலத்தில் இருந்த ஒரு கிட்ட நடுவில் பல பத்து வருடங்கள் இல்லாமல் போய், எங்கள் காலத்தில் திரும்பி வந்திருக்கிறது. இடையில் கடல் அகலவும் இல்லை, ஒடுங்கவும் இல்லை.

பயண நேரம் தூரத்தின் குணம் இல்லை என்று எனக்கு விளங்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான். அது காலத்தின் குணம், காசின் குணம். எல்லாத்துக்கும் மேலாக, கையில் இருக்கிற புத்தகத்தின் குணம்.

மாமா முதல்முதல் ரொறன்ரோ போனது 1998 இல். அவர் எடுத்த நேரம் ஒன்பது மாதம். அப்போது A9 பாதை மூடிக் கிடந்தது. பாஸ் எடுத்து, காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, திருகோணமலையில் இறங்கி, பஸ்ஸில் கொழும்பு. அங்கே லொட்ஜில் இரண்டு மாதம். பிறகு ஏஜென்சிக்காரர் அனுப்பி பாங்கொக்கில் மூன்று மாதம். பிறகு ஆபிரிக்காவில் ஒரு நாட்டில், எட்டுப் பேர் ஒரு அறையில், நாலு மாதம். அதுக்குப் பிறகுதான் ரொறன்ரோ. அந்த ஒன்பது மாதத்தில் வீட்டுக்கு மூன்று கடிதம் வந்தது. எங்கள் ஒழுங்கையில் போன் இல்லை. அம்மம்மா இரவில் படலை தட்டுகிற சத்தம் கேட்டால் எழும்பி இருந்துவிடுவா என்று அம்மா சொல்லுவா. விமானத்தில் அவர் இருந்த நேரத்தை எல்லாம் கூட்டினாலும் இரண்டு நாள் வராது. மிச்சம் எட்டு மாதமும் இருபத்தெட்டு நாளும் தரையில்.

மாமாவுக்கு முதலும் பிறகும் போனவர்களுடைய கணக்குகள் இன்னும் வேறை. 1980களின் நடுவில் எங்கள் ஆட்கள் பலர் கிழக்கு பேர்ளினுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்ளினுக்குள் நுழைந்து தஞ்சம் கேட்டார்கள். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழரை மீனவர்கள் கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள். மேற்கு ஜேர்மனியில் இருந்து கப்பலில் கொண்டுவந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் 492 பேரோடு பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து கனடாவின் மேற்குக் கரைக்குப் போனது. அங்கிருந்து ரொறன்ரோவுக்கு இன்னும் 3,000 கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணம் – ரொறன்ரோ என்று தளத்தில் தட்டினால் வருகிற வளைகோடு ஒண்டு. எங்கள் ஊர்ச்சனம் போன கோடுகளை எல்லாம் போட்டால் அந்தப் படத்தில் கடலும் தெரியாது, தரையும் தெரியாது.

போன வருடம் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிய நாலு மணி பத்து நிமிடத்துக்கு அம்மம்மா செத்துப்போனா. ஒன்றரையைக் கூட்டி, பகலை இரவாக்க... விடியலை இரவாக்க, அங்கே திங்கட்கிழமை பின்னேரம் ஐந்தே முக்காலுக்குக் கிட்ட. மாமா வேலையால் வந்து சப்பாத்துக் கழட்டிக்கொண்டிருந்தாராம். பெரியம்மாதான் போனில் சொன்னது. அடுத்தநாள் இரவு பத்து மணி விமானத்துக்கு அவருக்கு ரிக்கெற் கிடைத்தது. கணக்குப்படி வியாழன் மத்தியானம் இரண்டரைக்கு அவர் வீட்டில் நிற்க வேணும். அம்மம்மாவுக்கு ஒரேயொரு ஆம்பிளைப் பிள்ளை அவர். கொள்ளி வைக்க வேண்டியவர். அதனால் எம்பாம் பண்ணி, வியாழன் மூன்றரைக்கு எடுக்கிறது என்று நோட்டீஸ் அடித்தாயிற்று.

எங்கள் ஊர் மரண அறிவித்தலை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு: கனடா, லண்டன், சுவிஸ். யார் வருவார், யார் வரமாட்டார், பிரேதத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை ஊர்ச்சனம் அந்த அடைப்புக்குறியைப் பார்த்தே சொல்லிவிடும்.

ரொறன்ரோவில் அன்றிரவு பனி கொட்டியது. விமானத்தின் செட்டையில் படிந்த பனியைக் கழுவி, ஓடுபாதையைத் துப்புரவாக்கி, எழும்பும்போது விடிய மூன்று மணி. ஐந்து மணித்தியாலம் பிந்தியது. அது டுபாயில் இறங்கிய நேரம் கொழும்பு விமானம் போய்விட்டது. அடுத்ததில் இடம் கிடைத்தது எங்கள் நேரத்துக்குப் பின்னேரம் நாலரை மணிக்கு. அதாவது வெள்ளிக்கிழமை விடிய ஐந்துக்குத்தான் வீட்டுக்கு வருவார்.

வியாழன் காலமை முழுக்க வீட்டில் இதுதான் கதை. இன்னும் ஒரு நாள் வைப்போம் என்று பெரியம்மா. வவுனியாவில் இருந்தும் கொழும்பில் இருந்தும் லீவு போட்டு வந்தவர்கள் நிற்கினம் என்று சித்தப்பா. செவ்வாய் தொடக்கம் அந்த உடம்பைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம் என்று அம்மா மெதுவாகச் சொன்னா. ஒரு முடிவும் வரவில்லை. கடைசியில் எல்லாரும் அம்மப்பாவைப் பார்த்தார்கள். அவர் பந்தலுக்குள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார்.

"அவன் வந்து சேர இன்னும் எவ்வளவு நேரமாம்?" என்று என்னைக் கேட்டார்.

"நாளைக்கு விடிய அஞ்சு மணியாகும், அம்மப்பா."

கொஞ்ச நேரம் ஒண்டும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவனுக்காக அவள் ஒன்பது மாதம் நித்திரை கொள்ளாமல் காத்திருந்தவள். இனிக் காணும். எடுங்கோ."

தம்பிதான் கொள்ளி வைத்தது. பொம்பிளையள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம். போனில் மாமாவுக்கு வீடியோ போய்க்கொண்டிருந்தது. அவர் முகம் தெரியவில்லை, ஒரு மேல்கூரையும் வெள்ளை லைற்றும்தான் தெரிந்தது. யாரோ அறிவித்தல் சொல்கிற சத்தம் கேட்டது, எந்த வாசலுக்கு யார் போக வேணும் என்று.

வெள்ளி விடிய அவர் வந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்துக் கூட்டிக் கிடந்தது. பையைக் கீழே வைக்காமலே கேட்டார், "எத்தனை மணிக்கு எடுத்தது?"

"மூண்டரைக்கு, மாமா."

"அங்க ரண்டு மணி. நான் சாப்பாட்டுக்குத் தந்த துண்டை வைச்சுக்கொண்டு வரிசையில நிண்டனான்" என்றார். அவ்வளவுதான். பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு காடாத்தப் போய்விட்டார்.

ஸ்காபரோ வீட்டைவிட்டு வெளிக்கிட்டதில் இருந்து சுன்னாகத்து வாசல்வரை அவர் எடுத்தது நாற்பத்தெட்டரை மணித்தியாலம். ஆகாயத்தில் இருந்த நேரம் மாறவே இல்லை, அதே 17தான். மிச்சம் முப்பத்தொன்றரை மணித்தியாலமும் காத்திருப்பு. விமானத்தின் வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கியிருந்தாலும் பனி நின்றிருக்காது. ஏறாமல் விட்ட அந்த ஒரு விமானம்தான் அவருக்கும் அம்மம்மாவுக்கும் நடுவில் இருந்த தூரம். 13,700 இல்லை.

எட்டுச்செலவுக்கு நின்றார். வேலையில் இரண்டு கிழமைதான் லீவு, பதின்மூன்றாம் நாள் திரும்பிவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கீரிமலையில் நடந்தது. காலை எட்டு மணிக்கு ஐயர் தொடங்கும்போது அங்கே இரவு ஒன்பதரை. மாமா வேட்டி கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் இருந்தார், பின்னால் யன்னலுக்கு வெளியே பனி.

இதுக்குப் பிறகு கம்பஸில் எங்களுக்கு ஒரு ஒப்படை வந்தது: பயண நேரத்தை வைத்து ஒரு வரைபடம் கீறுவது. ஒரு இடத்தில் இருந்து ஒரே அளவு நேரத்தில் போய்ச்சேரக்கூடிய இடங்களை எல்லாம் கோட்டால் இணைத்து நிறம் தீட்ட வேணும். 1881 இல் பிரான்சிஸ் கால்ரன் என்ற ஆங்கிலேயர் இலண்டனை நடுவில் வைத்து இப்படி ஒரு உலகப் படம் வெளியிட்டார். பத்து நாளுக்குள் போகக்கூடிய இடங்கள் பச்சை, அதுக்குப் பிறகு பத்துப் பத்து நாளாக மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம். நாற்பது நாளுக்கு மேல் எடுக்கிற இடங்களுக்குக் கபிலம். நல்ல வடிவான படம். ஆனால் அந்தப் படத்தில் பயணம் போகிறவர் ஒரே ஒரு ஆள். இலண்டன்காரர், கப்பலுக்குக் கட்டக் காசு உள்ளவர், எந்தக் கரையிலும் யாரும் மறிக்காதவர். எந்த ஆளுக்கு இந்த நேரம் என்ற கேள்வி அதில் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தை நடுவில் வைத்துக் கீறினேன். ஒரே படத்தை மூன்று தரம் கீற வேண்டி வந்தது. கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற மாமாவுக்கு ஒண்டு: ரொறன்ரோ 34 மணித்தியாலம், பச்சை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற அம்மாவுக்கு ஒண்டு: விமானம் அதே விமானம்தான், ஆனால் ஏற முதல் ஸ்பொன்சர் கடிதம், வங்கிக் கணக்கு, காணி உறுதி, விசாவுக்குக் காத்திருக்கிற மாதங்கள். கபிலம். மூன்றாவது 1998 இன் மாமாவுக்கு. ஒரே ஆள், ஒரே ஊர், இருபத்தைந்து வருட இடைவெளியில் இரண்டு நிறம்.

படத்தை மேசையில் விரித்து நிறம் தீட்டிக்கொண்டிருக்கும்போது அம்மப்பா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொறன்ரோவைக் காட்டினேன். டுபாயைக் காட்டினேன். தலையை ஆட்டினார். பிறகு கேட்டார், "மயிலிட்டிக்கு என்ன நிறம் போட்டனி?"

அம்மப்பாவின் ஊர் மயிலிட்டி. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1990 ஜூனில் அந்தப் பக்கத்துச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது சுன்னாகம் வந்தார்கள், ஒரு கிழமையில் திரும்பலாம் என்று. ஊர் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. 1998 இல் மாமாவைக் கப்பல் ஏற்றக் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோன பஸ்ஸும் ஊருக்குக் கிட்டத்தான் போனது, இறங்க விடமாட்டார்கள். சென்னையை ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கொண்டுவந்த பலாலி ஓடுபாதையும் அந்த வலயத்துக்குள்தான். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தோடு சேர்ந்த பகுதியை விட்டபோது அம்மப்பாவும் அம்மம்மாவும் ஓட்டோவில் போய்ப் பார்த்தார்கள். வீடு இல்லை. கிணறு இருந்தது. சில பேருக்கு இன்னும் காணி திரும்பவில்லை.

எங்கள் வீட்டில் இருந்து மயிலிட்டி சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். என்னுடைய உலகப் படத்தில் அது யாழ்ப்பாணத்துக்கு நான் வைத்த பென்சில் புள்ளிக்கு உள்ளேயே அடங்கிவிடும். நிறம் தீட்ட இடமில்லை. அதனால் படத்தின் மூலையில் வேறாக ஒரு சின்னச் சதுரம் போட்டு, பெயரை எழுதி, கபிலம் தீட்டினேன். ஒப்படை திரும்பி வந்தபோது விரிவுரையாளர் அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அதுக்குக் கீழே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தேன்:

சுன்னாகம் – மயிலிட்டி. ஏறத்தாழ 10 கிலோமீற்றர். பயண நேரம் 27 வருடம்.